வெட்டிவேர் பூசிய நாலு நாள்

பிரான்ஸில் செய்து கொழும்பில் விற்கிற வாசனைப் போத்தல் ஒன்றின் மேல் தமிழ்ச் சொல் இருக்கு என்று சொன்னால் எங்கட வகுப்பில் பாதிப் பேர் நம்புவதில்லை. கெர்லான் கம்பனியின் பச்சைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 'வெட்டிவர்' என்று இருக்கும். வெட்டி எடுக்கிற வேர், வெட்டிவேர். நம்மட சொல்தான் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போயிருக்கு. செடியும் சொல்லும் சேர்ந்தே கப்பல் ஏறியிருக்கின்றன. சொல்லை மட்டும் நாங்கள் மறந்துவிட்டோம். பல்கலைக்கழக விடுதியில் ஒரு தம்பியிடம் "வெட்டிவேர் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "அந்த டொம் ஃபோர்ட் சென்ட்தானே?" என்றான்.

நாங்கள் மூன்று பேர். பாலாவிச் சந்தியில் கொழும்பு றோட்டை விட்டு கல்பிட்டிப் பக்கம் திரும்புகிற வீதியோரம் வளர்ந்தவர்கள். இப்போது தூரத்து ஊர் ஒன்றில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். இந்த விடுமுறைக்கு வந்தபோது ஒரு வேலை செய்தோம். ஆண்களுக்கென்று விற்கப்படுகிற வெட்டிவேர் வாசனைகளில் மூன்றையும், வெள்ளிக்கிழமைக் கடையில் வாங்கின ஒரு அத்தரையும், நாளுக்கொன்றாக நாலு நாள் பூசிப் பார்த்தோம். முழுப் போத்தல் வாங்கவில்லை. ஒரு போத்தலின் விலை எங்கள் போர்டிங் வாடகையை விட அதிகம். பெரிய போத்தலிலிருந்து ஊற்றி 3 மில்லியாக விற்கிறார்கள் அல்லவா, அதை மகாபொலக் காசில் சேர்ந்து வாங்கினோம்.

இது ஏன் எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். பாலாவிக்கு ஒரு வாசம் இருக்கு. உப்பளத்துப் பாத்தியில் தண்ணி வற்றும்போது ஒரு வாசம், களப்புச் சேறு வெளியே தெரியும்போது இன்னொன்று. கல்பிட்டியிலிருந்து கருவாட்டு லொறி போனால் அது போய் அஞ்சு நிமிஷத்துக்குப் பிறகும் லொறி றோட்டிலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அதோட சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கத்துத் தூசி. வளர்ந்த எங்களுக்கு இதெல்லாம் வாசமே இல்லை, காத்து அவ்வளவுதான். விடுதிக்குப் போன முதல் வருஷம் அறைக்காரன் ஒருத்தன் எங்கட பையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா, புத்தளத்தையே கட்டிக்கொண்டு வந்திட்டீங்களா?" என்று சிரித்தான். கெட்ட மனசோடு சொன்னதில்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு எங்களில் ஒருத்தன் ஊரிலிருந்து திரும்பும்போது கருவாடு கொண்டு வருவதையே விட்டுவிட்டான். உம்மா கட்டித் தந்த பார்சலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு இறங்கினான். மலிவு பாடி ஸ்பிரே அடிக்கத் தொடங்கினதும் அந்த வருஷம்தான்.

இதே கரைக்கு 1344இல் வந்து இறங்கிய இப்னு பதூதா, கறுவா மரக் கட்டைகள் குவிந்து கிடந்த கரை என்று எழுதி வைத்திருக்கிறார். வாசனைக்குப் பேர் போன கரையில் பிறந்தவர்கள் ஸ்பிரே டப்பாவுக்குள் ஒளிகிறோம் என்ற எண்ணம் கொஞ்ச நாளாகவே எங்களுக்குள் இருந்தது. இனிப்பு வாசம் எங்களுக்குப் பிடிக்காது. மண் வாசம் பிடிக்கும். அப்படித் தேடித்தான் வெட்டிவேருக்கு வந்தோம்.

சட்டம் ஒன்றுதான். காலையில் குளித்து, வேறு எதுவும் பூசாமல், கழுத்திலும் முழங்கையின் உள்பக்கத்திலும் மட்டும். துணியில் அடித்தால் வாசம் நிற்கும், ஆனால் மெதுவாகத்தான் மாறும். தோலின் சூட்டில்தான் ஒரு வாசனை தன் முழுக் கதையையும் சொல்லும். முதலில் பறப்பது எலுமிச்சை மாதிரியான இலேசான பொருட்கள். கடைசி வரை தங்குவது கனமானவை. வெட்டிவேர் எண்ணெய் அந்தக் கடைசி வகை. அதன் மூலக்கூறுகள் பெரியவை, மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால்தான் வாசனை செய்கிறவர்கள் அதை அடியில் வைக்கிறார்கள். வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி.

வெள்ளிக்கிழமை: அத்தர்

ஜும்மாவுக்கு முன் பள்ளிக்கு வெளியே சின்ன மரப்பெட்டியில் கண்ணாடிக் குப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு நானா இருப்பார். "கஸ் இருக்கா நானா?" என்று கேட்டோம். பக்கத்தில் நின்ற பொடியன், "கசகசாவா? ஃபலூடா கடை அந்தப் பக்கம்" என்றான். வட இந்தியாவில் வெட்டிவேருக்கு கஸ் என்று பேர். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்கிற ஊரில் செம்புப் பாத்திரத்தில் வேரை வேகவைத்து எண்ணெய் எடுப்பார்கள். செம்பு பட்டுப் பட்டு அந்த எண்ணெய்க்கு ஒரு பச்சை நிறம் வரும். ரூஹ் கஸ் என்று சொல்லுவார்கள். ரூஹ் என்றால் உயிர்.

நானா கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு போட்டார். பச்சை நிறம்தான். ஆனால் தண்ணி மாதிரி ஓடிற்று. சுத்தமான வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரித் தடிப்பாக இருக்கும் என்று வாசித்திருந்தோம், கேட்டோம். "தம்பி, சில நூறு ரூபாவுக்கு சுத்தமானது வருமா? கலந்ததுதான். நான் பொய் சொல்லி விக்கிறல்ல" என்றார். அந்த நேர்மைக்காகவே வாங்கினோம்.

முதல் பத்து நிமிஷம் சரியான காரம். பச்சைப் புல்லைக் கசக்கி ஈர மண்ணில் தேய்த்த மாதிரி. பிறகு அடங்கி, மழை பெய்த வயல் வரம்பில் நடக்கிற வாசம். ஜும்மாவுக்குப் போட்டது மஃரிப் வரைக்கும் இருந்தது. அத்தரில் அற்ககோல் இல்லை. அதனால் எங்கட ஊரில் நிறையப் பேர் ஸ்பிரேயைத் தொடாமல் அத்தரோடு நிற்கிறார்கள். ஸ்பிரே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்கு இங்கே போகவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம். ஸ்பிரே உங்களுக்கு முன்னால் நடந்து போகும். அத்தர் உங்களோடேயே இருக்கும், கட்டிப்பிடித்து சலாம் சொல்கிறவருக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை: கெர்லான்

இது 1959இல் வந்தது. செய்தவர் ஜோன் போல் கெர்லான். 1937இல் பிறந்தவர், கணக்குப் பாருங்கள், எங்கட வயசு. நாங்கள் அசைன்மென்ட் எழுதுகிற வயசில் அவர் அறுபது வருஷத்துக்கு மேலாகப் போத்தலில் நிற்கிற ஒன்றைச் செய்திருக்கிறார். அப்போது அது குடும்பக் கம்பனி என்பதையும் மறக்கக் கூடாது.

அடித்தவுடன் எலுமிச்சையும் தோடம்பழத் தோலும். பிறகு மிளகு, சாதிக்காய், காய்ந்த புகையிலை. அதற்குக் கீழேதான் வேர். பாரிஸில் அந்த எலுமிச்சை அரை மணித்தியாலம் நிற்குமாம். பாலாவி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே போய்விட்டது. புத்தளம் டவுனில் இறங்கும்போது புகையிலையும் வேரும்தான் மிச்சம். அது நன்றாகவே இருந்தது. நல்ல சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு, சுருட்டுப் பெட்டியைத் திறந்த ஒரு பெரியவரின் வாசம். ராத்தா கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "கலியாண வீட்டில முன் வரிசையில இருப்பாங்களே, அந்த மாமாக்கள்" என்றா.

1957இல் கார்வென், 1959இல் ஜிவோன்ஷி, அதே வருஷம் கெர்லான் என்று மூன்று பிரெஞ்சு வீடுகள் கிட்டக்கிட்ட ஆண்களுக்கான வெட்டிவேரை இறக்கின. அதற்குப் பிறகு இந்த வேர் ஆண்கள் பக்கத்து அலுமாரியிலேயே நின்றுவிட்டது. இதுதான் எங்களுக்குப் பிடிபடாத விஷயம். எங்கட வீடுகளில் வெட்டிவேர் யாருடையது? உம்மம்மாட பெட்டகத்தில் சாரிகளுக்கு இடையில் இருந்தது. ராத்தாட தலைக்கு வைக்கிற எண்ணெயில் ஊறினது. தமிழ்நாட்டில் மண்பானைத் தண்ணிக்குள் கிடந்தது, சன்னலில் தட்டியாகத் தொங்கினது. ஆம்பிளை பொம்பிளை பார்த்து மணக்கவில்லை. பாரிஸிலும் உண்மையில் அப்படி இல்லை. 1921இல் பெண்களுக்கென்று வந்த ஷனெல் ஐந்தாம் நம்பரின் அடியிலும் வெட்டிவேர் இருக்கு. அந்தப் பெட்டியில் அதன் பேரைப் போடவில்லை, அவ்வளவுதான். பேர் எழுதின போத்தல் ஆணுக்குப் போயிற்று, பேர் எழுதாதது பெண்ணுக்குப் போயிற்று. இதில் வேரின் குற்றம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை: கிரே வெட்டிவர்

டொம் ஃபோர்ட் பேரில் 2009இல் ஹரி ஃப்ரெமோன் செய்தது. மூன்றிலும் விலை கூடினது இதுதான். வேரிலிருந்த மண்ணையெல்லாம் கழுவி, புகையை எடுத்து, மேலே கிரேப்ஃபுரூட்டின் கசப்பு, கொஞ்சம் மூலிகை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட் வாசம் என்று சொன்னால் சரியாக இருக்கும். மூன்று பேருக்கும் உடனே பிடித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வேணும்.

அன்றைக்கு எங்களில் ஒருத்தனின் வாப்பாவுக்கு உப்பளத்துக்குச் சாப்பாடு கொண்டு போனோம். உப்பளத்து வெயிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுவது கஷ்டம். மேலேயிருந்தும் அடிக்கும், பாத்தியில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். உப்பு வாருகிறவர்களின் காலில் வெடிப்பு இருக்கும், வெடிப்புக்குள் உப்பு இருக்கும். வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரம்பில் உட்கார்ந்தார். மகன் கழுத்தை நீட்டி, "எப்படி வாப்பா இருக்கு?" என்றான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நல்ல வாசம்தான் மகன். ஆனா நீ இங்க இல்லாத மாதிரி இருக்கு."

கோபமில்லை, குத்தலுமில்லை. சோற்றைத் திறந்தார், சாப்பிட்டார். திரும்பி வரும் வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. நாங்கள் இன்னும் போய்ச் சேராத ஏதோ ஒரு அலுவலகத்தின் வாசம் அது. நேர்முகப் பரீட்சைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவோம், சந்தேகமில்லை. அந்த வாசம் போகிற இடத்தில் உப்பளம் இருக்காது என்பதையும் வாப்பா ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். பாடி ஸ்பிரேயில் தொடங்கின எங்கட ஆசையும் அதுதானே. எங்கேயிருந்து வந்தோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அந்த வேலையை மிகத் திறமாகச் செய்கிற போத்தல் கடைசியில் கையில் கிடைத்தபோது, அந்த வேலையே வேணுமா என்று யோசனை வந்துவிட்டது.

திங்கட்கிழமை: ஆங்க்ர் நுவார்

கறுப்பு மை என்று அர்த்தம். லலிக் கண்ணாடிக் கம்பனியின் பேரில் 2006இல் நத்தலி லொர்சோன் என்ற பெண் செய்தது. ஆண்களுக்கென்று விற்கிற மிக இருட்டான வெட்டிவேரைச் செய்தது ஒரு பெண் என்பதைக் குறித்து வையுங்கள். சதுரமான கறுப்பு மைக்கூடு மாதிரிப் போத்தல். விலை மற்ற இரண்டையும் விடக் குறைவு.

இதில் எலுமிச்சை இல்லை, சிரிப்பும் இல்லை. சைப்ரஸ் மரம், ஈரம், புகை, ஆழத்தில் கிடக்கிற வேர். ஒரு வேடிக்கையும் நடந்தது. போட்டவனுக்குப் பதினைந்து நிமிஷத்தில் ஒன்றுமே மணக்கவில்லை. மற்ற ரெண்டு பேருக்கும் முற்றம் வரைக்கும் மணந்தது. இந்த வகைப் போத்தல்களில் ஐசோ இ சூப்பர் என்கிற செயற்கைப் பொருள் தாராளமாக இருக்கும். காய்ந்த மரம் மாதிரி மெல்லிசாக மணக்கும். மூக்கு அதற்குச் சீக்கிரம் பழகிவிடும், சிலருக்கு முதலிலிருந்தே பிடிபடாது. அதனால் மணக்கவில்லை என்று மேலும் மேலும் அடிக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பாவம்.

உம்மம்மாவிடம் கையை நீட்டினோம். அவ எருக்கலம்பிட்டியில் பிறந்து வளர்ந்தவ. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினபோது, கட்டின துணியோடு கடல் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி. பெட்டகம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குள் வெட்டிவேர் இருந்த கதையை நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறோம். இதை மோந்தவுடன் அவ கண் கலங்குவா என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தோம்.

அவ மூக்கைச் சுளித்தா. "வேரக் கழுவாமப் போட்டிருக்கானுகள்."

"என்ன உம்மம்மா?"

"மண்ணோட வச்சா இப்படித்தான் பூஞ்சணம் பிடிச்ச மாதிரி மணக்கும். நல்லாக் கழுவி நிழல்ல காய வைக்கோணும். வெயில்ல போட்டா வாசம் செத்திடும். ரெண்டு மூணு நாள் பொறுத்துத்தான் துணிக்குள்ள வைக்கிற." கொஞ்சம் நிறுத்தி, "யாரு செஞ்சது இது?" என்றா. பிரான்ஸ் என்றோம். "அவங்களுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற" என்று சொல்லிவிட்டு வெத்திலையை எடுத்தா. நாங்கள் வாசித்த எல்லா விமர்சனங்களையும் விட இது நேரான விமர்சனம். அந்தப் போத்தலை ராத்தா எடுத்துக்கொண்டா. உண்மையைச் சொன்னால் எங்கள் மூன்று பேரையும் விட அவவுக்குத்தான் அது பொருந்துகிறது.

போத்தலுக்கு வெளியே

கடைசியாகப் புத்தளம் டவுன் மருந்துக் கடையில் ஒரு பிடி வேர் வாங்கினோம். சிங்களத்தில் சவந்தரா என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். கழுவி, நிழலில் காயவைத்து, பானைத் தண்ணிக்குள் போட்டோம். அந்தத் தண்ணியைக் குடித்துப் பார்த்த பிறகு நாலு போத்தலையும் மறுபடி மோந்தோம். அப்போதுதான் எதில் எவ்வளவு வேர், எவ்வளவு அலங்காரம் என்று தெளிவாகத் தெரிந்தது. நீங்களும் வெட்டிவேர் சென்ட் வாங்க முதல் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு பிளேன்டீக்காசுக்குக் கொஞ்சம் மேலே.

இந்த வேரிலிருந்து எண்ணெய் எடுப்பது லேசான வேலையில்லை. நட்டு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து தோண்ட வேணும். காய்ந்த வேர் 100 கிலோவை நீராவியில் பல மணித்தியாலம் வேகவைத்தால் கிடைப்பது ஒன்று, இரண்டு கிலோ எண்ணெய். உலகச் சந்தைக்கு அதிகம் கொடுக்கிற நாடு ஹெய்ட்டி. அந்த நாட்டின் தெற்குக் கரையில் ஏழை விவசாயிகள் மலைச்சரிவில் நட்டுத் தோண்டுகிறார்கள். இந்தோனேசியாவின் ஜாவா எண்ணெயில் புகை வாசம் கூட. ஹெய்ட்டி எண்ணெய் அதை விடச் சுத்தமாக மணக்கும்.

இதில் ஒரு முரண் இருக்கு. வெட்டிவேரின் வேர் பக்கத்தில் பரவாது, நேராகக் கீழே மூன்று, நாலு மீற்றர் வரைக்கும் இறங்கும். அதனால் மண்ணரிப்பைத் தடுக்க வரப்புகளில் இதை நடுகிறார்கள். 1980களில் உலக வங்கிக்காரர்கள் இந்தியாவில் இதைப் பெரிதாகப் பிரசாரம் செய்தார்கள். கர்நாடகத்துக் கிராமத்து விவசாயிகள் அதற்கு முன்பே அதைத் தங்கள் வயல் எல்லையில் நட்டு வைத்திருந்தார்கள். ஆனால் வாசனைக்காகத் தோண்டும்போது, மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த அதே வேரைப் பிடுங்குகிறோம். சரிவில் மழைக்காலத்தில் தோண்டினால் மண் ஓடிவிடும். அவசரக் காசுக்காக முற்றாத வேரைத் தோண்டினால் எண்ணெயும் குறைவு. போத்தலின் விலையில் எவ்வளவு அந்தச் சரிவு வரைக்கும் போய்ச் சேருகிறது என்பதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

சரி, தீர்ப்பு. வெயிலிலும் உப்புக் காத்திலும் வாழ்கிறவர்களுக்கு அத்தர் முதலிடம். சூட்டிலும் அது நின்றது, விலையும் தாங்கும். ஒரே ஒரு ஸ்பிரே வேணும் என்றால் கெர்லான். மாமாக்கள் வாசம் என்று ராத்தா சொன்னாலும் அந்த மாமாக்கள் நல்லவர்கள். காலையில் வேண்டாம், அசருக்குப் பிறகு, வெயில் தாழ்ந்த நேரம் போடுங்கள், எலுமிச்சையும் கொஞ்சம் நிற்கும். கிரே வெட்டிவரில் மிச்சமிருக்கிற ஒன்றரை மில்லியை மூன்று பேரும் பொதுவில் வைத்திருக்கிறோம். யாருக்கு முதலில் நேர்முகப் பரீட்சை வருகிறதோ அவனுக்கு. அதை ஒளிவதற்காகப் போடப் போவதில்லை, சேர்ட் மாதிரிப் போட்டுவிட்டுக் கழற்றப் போகிறோம். இந்த முறை விடுதிக்குத் திரும்பும்போது மூன்று பேர் பையிலும் கருவாடு இருக்கு. மூன்று சுற்று பேப்பர், அதற்கு மேல் பொலித்தீன். மணந்தால் மணக்கட்டும், பொரிக்கும்போது முதல் தட்டோடு வந்து நிற்கிறவன் யாரென்று எங்களுக்குத் தெரியும்.

உம்மம்மாவுக்காக நாற்றுக்கடை ஒன்றில் ஆறு வெட்டிவேர்க் கட்டை வாங்கி வீட்டுப் பின்பக்க மணலில் நட்டிருக்கிறோம். இலையை முகர்ந்தால் ஒன்றும் வராது, வெறும் புல்தான். ஒன்றரை வருஷம் போகட்டும், தோண்டிப் பார்ப்போம் என்று நாங்கள் சொன்னோம். கிணற்றுப் பக்கத்து மண் சரியுது, அது அங்கேயே நிக்கட்டும், ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று உம்மம்மா சொல்லிவிட்டா.